அம்பாசிடர் ஸ்டியரிங் வீலைக் கழற்றும் முன்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஸ்டியரிங் வீலில் தெரியும் கோளாறு எல்லாம் ஸ்டியரிங் வீலில் இருக்கும் கோளாறு அல்ல. ஹாரன் அடிக்கவில்லை என்றாலும், வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்றாலும், முதல் வேலையாக நடு நட்டில் பாக்ஸ் ஸ்பேனரை மாட்டிவிடுகிறார்கள். பல வருடம் அசையாமல் இறுகியிருந்த நட் அது. அதைத் திறந்து, வராத வீலைச் சுத்தியலால் தட்டி, வீல் உட்காரும் ஸ்டியரிங் தண்டின் மரையை நசுக்கிவிட்டு, கடைசியில் பார்த்தால் கோளாறு ஒரு ஃபியூஸில் இருந்திருக்கும். உத்தரபாராவில் 2014ஆம் ஆண்டோடு அம்பாசிடர் உற்பத்தி நின்றுவிட்டது. அதன்பின் ஒரு தண்டையோ ஒரு வீலையோ கெடுத்தால், நல்ல பழைய பாகம் தேடிக் கடை கடையாக அலைய வேண்டும். அதனால்தான் எந்த அறிகுறிக்கு வீலைக் கழற்ற வேண்டும், எதற்குக் கூடாது என்று பிரித்து எழுதுகிறேன்.

சேலத்துக்காரர்களுக்குச் சோதனை செய்ய ஓர் அருமையான இடம் இருக்கிறது. கோரிமேட்டைத் தாண்டி அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஐந்து ரோட்டிலிருந்து சூரமங்கலம் போய் வருவதில் ஸ்டியரிங்கை அரைச்சுற்றுக்கு மேல் சுற்றும் சந்தர்ப்பம் குறைவு. கொண்டை ஊசியில் அதைக் கிட்டத்தட்ட முட்டும் வரை ஒடிக்கிறோம், உடனே எதிர்ப்பக்கம் அவிழ்க்கிறோம். குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் உரசும் கம்பி, ஒரு பக்கம் மட்டும் திரும்பாத இண்டிகேட்டர், திருப்பும்போது மட்டும் முனகும் புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) எல்லாம் அங்கேதான் வெளியே வரும். மலையில் என்ன நடந்தது, எந்தப் பக்கம் திருப்பும்போது நடந்தது, ஏறும்போதா இறங்கும்போதா என்று குறித்துக்கொண்டு வந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் ஸ்டியரிங்கில் ஆட்டமோ கனமோ இருக்கும் வண்டியைச் சோதிப்பதற்காக மலை ஏற்றவே கூடாது. அது சமதளத்தில், ஜாக் போட்டுப் பார்க்க வேண்டிய கோளாறு.

இங்கே சொல்வது பழைய அம்பாசிடருக்கானது. பொதுவான முறை அதே காலத்துப் பிற கார்களுக்கும் உதவும். ஏர்பேக் உள்ள கார்களுக்குப் பொருந்தாது. அவற்றில் நடு மூடியைத் தொடவே வேண்டாம்.

எந்த வேலைக்கும் முன் பேட்டரியின் எர்த் கம்பியைக் கழற்றுங்கள். மிகப் பழைய வண்டிகளில் பாசிட்டிவ் முனை எர்த்தாக இருக்கலாம். நிறத்தை நம்பாமல், எந்தக் கம்பி பாடியில் போய் முடிகிறது என்று கையால் தொடர்ந்து பாருங்கள். மின்சாரம் வேண்டிய சோதனைகளுக்கு மட்டும் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

ஹாரன் அடிக்கவில்லை

இந்த வண்டியின் வம்சம் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களின் வழக்கப்படி, ஹாரனுக்கு மின்சாரம் ஃபியூஸ் வழியாக எப்போதும் வந்து காத்திருக்கும். நடுவில் இருக்கும் பொத்தான் அதற்கு எர்த் கொடுப்பதோடு சரி. இந்த ஒரு விஷயம் தெரிந்தால் சோதனை எளிது.

முதலில் ஃபியூஸ். அது எரியாமல் இருந்தாலும் கழற்றி, அது உட்காரும் பித்தளைப் பிடிகளை உப்புத்தாளால் தேய்த்து மாட்டுங்கள். ஏற்காட்டிலேயே நிற்கும் வண்டிகளில் பனியும் ஈரமும் பட்டு இந்தப் பிடிகளில் பச்சை படிந்துவிடும். ஃபியூஸ் நன்றாக இருந்தும் மின்சாரம் போகாது.

அடுத்து, ஸ்டியரிங் குழாயின் அடியில் ஹாரன் கம்பி வெளியே வந்து இணையும் இடத்தைப் பிரித்து, ஹாரன் பக்கமிருந்து வரும் முனையைச் சுத்தமான இரும்பில் ஒரு நொடி தொடுங்கள். ஹாரன் அடித்தால் ஹாரன், ஃபியூஸ், ரிலே இருந்தால் அதுவும், எல்லாம் நலம். கோளாறு வீலின் பக்கம்தான். அடிக்கவில்லை என்றால் வீலை மறந்துவிட்டு முன்னால் போய் ஹாரனைப் பாருங்கள்.

வீலின் பக்கம் என்று தெரிந்த பிறகும் வீலைக் கழற்ற அவசரம் வேண்டாம். நடு மூடியையோ ஹாரன் வளையத்தையோ மட்டும் எடுங்கள். வண்டியின் ஆண்டைப் பொறுத்து இது அழுத்தி மாட்டியதாகவோ, குடத்தின் (வீலின் நடுப்பகுதி) பக்கவாட்டில் சிறு திருகுகள் பிடித்ததாகவோ, வீலின் பின்பக்கமிருந்து திருகியதாகவோ இருக்கும். நெம்புவதற்கு முன் டார்ச் அடித்து மூன்று இடங்களையும் பாருங்கள். திருகு இருக்கும் மூடியை நெம்பினால் பிளாஸ்டிக் உடையும். அழுத்தி மாட்டிய மூடி என்றால் திருப்புளியின் முனையில் துணி சுற்றி, ஒரே இடத்தில் அமுக்காமல், சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள். உள்ளே ஸ்பிரிங் இருக்கும். இடது கையால் மூடியை மூடியபடியே எடுக்காவிட்டால் அது சீட்டுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

உள்ளே தெரிவது ஸ்பிரிங், பித்தளைத் தொடுதட்டு, அதற்கு அடியில் ஃபைபர் வாஷர். எந்த வரிசையில் இருந்தன என்று செல்போனில் படம் எடுத்துவிட்டுத்தான் தொட வேண்டும். பித்தளை கறுத்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் மஞ்சள் தெரியும் வரை தேய்த்தால் போதும். தொடுமுனையில் கிரீஸ் தடவாதீர்கள். இந்த ஊரின் வெயிலுக்கு அது உருகி, தூசியோடு சேர்ந்து மின்சாரத்தைத் தடுக்கும்.

எல்லாம் சுத்தமாக இருந்தும் அடிக்கவில்லை என்றால் தண்டுக்கே எர்த் இல்லாமல் இருக்கலாம். பொத்தானின் எர்த் தண்டு வழியாகப் போகும் அமைப்பில், அண்மையில் யாராவது நைலான் புஷ்ஷோ ரப்பர் இணைப்போ புதிதாகப் போட்டிருந்தால் தண்டு பாடியிலிருந்து தனித்துவிடும். டெஸ்ட் லேம்பின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலும் மறுமுனையை வீலின் நட்டிலும் வையுங்கள். விளக்கு எரியாவிட்டால் விடை கிடைத்துவிட்டது. இணைப்பின் இரு பக்கத்தையும் சேர்த்து ஒரு சிறு பின்னல் கம்பி போட்டால் சரியாகும்.

ஹாரன் தானாக அடிக்கிறது

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் வண்டி, மலை இறங்கும்போது வலப்பக்க வளைவுகளில் மட்டும் ஹாரன் அடித்தது. இடப்பக்கம் சத்தமே இல்லை. "பிரேக் போட்டால் அடிக்கிறது சார்" என்று டிரைவர் சொன்னார். வளைவில் பிரேக்கும் போடுகிறோம், ஸ்டியரிங்கும் திருப்புகிறோம் அல்லவா? வண்டியை நிறுத்தி, பிரேக்கைத் தொடாமல் ஸ்டியரிங்கை மட்டும் வலப்பக்கம் முழுவதும் ஒடித்தோம். அடித்தது. மூடியை எடுத்தால், ஃபைபர் வாஷரின் ஓரம் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து தாள் போல் ஆகியிருந்தது. அந்தப் பக்கம் வரும்போது பித்தளைத் தட்டு சாய்ந்து குடத்தைத் தொட்டிருக்கிறது. புதிய ஃபைபர் வாஷர் போட்டதும் நின்றது. வீலைக் கழற்றவில்லை.

அதனால் இந்த அறிகுறிக்கு முதல் கேள்வி: எப்போதும் அடிக்கிறதா, ஒரு கோணத்தில் மட்டுமா? எப்போதும் என்றால் குழாயின் அடியில் ஹாரன் கம்பியைப் பிரித்துப் பாருங்கள். பிரித்தும் அடித்தால் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது என்ஜின் பக்கம் கம்பி எங்கோ தோல் உரிந்து பாடியைத் தொடுகிறது. பிரித்ததும் நின்றால் கோளாறு வீலுக்கும் அந்த இணைப்புக்கும் இடையில். குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் என்றால் ஃபைபர் வாஷர், அல்லது தண்டோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும் கம்பி. கம்பி குழாய்க்குள் உரிந்திருந்தால் மட்டும் வீலைக் கழற்றும் வேலை வரும். இன்சுலேஷன் டேப் சுற்றிச் சமாளிக்க வேண்டாம். உள்ளே சுழலும் இடத்தில் டேப் பசை விட்டுப் பிரிந்து வேறு தொல்லை கொடுக்கும். முழுக் கம்பியையும் மாற்றுங்கள்.

இண்டிகேட்டர் தானாகத் திரும்பவில்லை

விளக்கு மின்னவே இல்லை என்றால் அது ஃப்ளாஷர் அல்லது பல்பு. மின்னுகிறது, வளைவு முடிந்தும் அணையவில்லை என்றால்தான் ஸ்டியரிங் பக்கம் வர வேண்டும். வீலோடு சுழலும் ஒரு முனை, சுவிட்சில் உள்ள சிறு நாக்கைத் தட்டி நெம்புகோலை நடுவுக்குக் கொண்டுவருகிறது. ஒரு பக்கம் மட்டும் திரும்பவில்லை என்றால் அந்தப் பக்க நாக்கு உடைந்திருக்கும். இரு பக்கமும் திரும்புகிறது, ஆனால் ஒரு பக்கம் சீக்கிரம், மறுபக்கம் மிகத் தாமதம் என்றால், யாரோ வீலைக் கழற்றி, தண்டின் பல்வரிசையில் ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறார்கள்.

நாக்கு உடைவதற்கு நான் கண்ட முக்கியக் காரணம், வீலைக் கழற்றும்போதோ மாட்டும்போதோ நெம்புகோல் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதுதான். வீல் இறங்கும்போது அந்த முனை நாக்கின் தலைமேல் உட்கார்ந்து நட்டை இறுக்க இறுக்க நசுக்கிவிடும். நெம்புகோல் நடுவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீலில் கை வைக்க வேண்டும்.

நேராகப் போகும்போது வீல் கோணலாக நிற்கிறது

இதற்கும் உடனே நட்டைத் திறந்து நேராக்கி மாட்டிக் கொடுப்பவர்கள் உண்டு. பார்க்க நேராகிவிடும். ஆனால் உள்ளே ராக் (தண்டு சுற்றும்போது இடமும் வலமும் நகர்ந்து சக்கரங்களைத் திருப்பும் பல்வைத்த கம்பி) நடுவில் இல்லாமல் போய், ஒரு பக்கம் அதிகம் ஒடியும், மறுபக்கம் குறைவாக ஒடியும். கொண்டை ஊசியில் ஒரு பக்கம் மட்டும் வண்டி திரும்ப மறுத்து, பின்னால் எடுத்து முன்னால் போக வேண்டி வந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

முன்சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஸ்டியரிங்கை ஒரு முட்டிலிருந்து மறுமுட்டு வரை சுற்றி, மொத்தச் சுற்றை எண்ணி, சரிபாதிக்குக் கொண்டுவாருங்கள். அதுதான் ராக்கின் நடு. அந்த நிலையில் வீல் நேராக இருந்து சக்கரங்கள் கோணலாக இருந்தால் டை ராடுகளை (ராக்கைச் சக்கரங்களோடு இணைக்கும் கம்பிகள்) சரிசெய்ய வேண்டும். அலைன்மென்ட் போடும் இடத்தில் இரு பக்கமும் சமமாகத் திருப்பச் சொல்லுங்கள். சக்கரங்கள் நேராக இருந்து வீல் மட்டும் கோணலாக இருந்தால்தான் வீலைக் கழற்றிப் பல் மாற்றி மாட்ட வேண்டும்.

ஆட்டம், முனகல், கனம்

வீலை மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள். வீலோடு தண்டும் குழாய்க்குள் தளதளவென்று ஆடினால் மேல் புஷ் தேய்ந்துவிட்டது. இதற்கு வீலைக் கழற்றத்தான் வேண்டும். பழைய அமைப்பில் ஃபெல்ட் புஷ் இருந்தால், புதியதை எண்ணெயில் ஊறவைத்துப் பிழிந்து போடுங்கள். காய்ந்த ஃபெல்ட்தான் திருப்பும்போது முனகுவது. லேத்தில் பித்தளை புஷ் கடைந்து போடும் பழக்கம் நம் ஊரில் உண்டு. இறுக்கமாகக் கடைந்துவிட்டால் வளைவுக்குப் பின் ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. அதை நான் விரும்புவதில்லை.

வீல் திரும்புகிறது, சக்கரம் சற்றுத் தாமதித்துத் திரும்புகிறது என்றால் கோளாறு கீழே. ஒருவர் வீலைச் சிறிதாக இப்படியும் அப்படியும் ஆட்ட, இன்னொருவர் இணைப்பு, ராக், டை ராடு எண்ட் என்று ஒவ்வொன்றாகக் கை வைத்துப் பார்க்க வேண்டும். எங்கே ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையவில்லையோ அங்கேதான் தேய்மானம். இந்தக் கோளாறு சரியாகும் வரை வண்டி வீட்டில் நிற்கட்டும்.

கனம் என்றால் முதலில் டயரில் காற்று, பிறகு கிரீஸ் நிப்பிள்கள். முன்சக்கரங்களைத் தூக்கிய நிலையிலும் கனமாக இருந்தால் டை ராடு எண்டுகளைப் பிரித்துவிட்டுச் சுற்றுங்கள். லேசாகிவிட்டால் சக்கரத்தின் மூட்டில் கோளாறு. அப்போதும் கனம் என்றால் ராக்கிலோ தண்டிலோ. குழாயின் பிடிப்பை யாராவது கோணலாக இறுக்கியிருந்தாலும் இப்படி ஆகும். கியர் நெம்புகோல் ஸ்டியரிங் குழாயிலேயே இருக்கும் வண்டியில் அப்போது கியரும் சேர்ந்து கனக்கும். நல்ல அடையாளம் அது.

வீல் அசைய மறுக்கிறது

கழற்றித்தான் ஆக வேண்டும் என்று முடிவாகிவிட்டது. சக்கரங்களை நேராக வையுங்கள். நட்டைத் திறக்கும் முன், நட் இளகாமல் பிடிக்கும் பூட்டுத் தகடு மடிந்திருந்தால் அதை நிமிர்த்துங்கள். நட்டைத் திறக்கும்போது ஸ்டியரிங் முட்டில் போய் நின்று அந்த விசையை ராக் தாங்கக் கூடாது. ஒருவர் வீலின் வளையத்தை இறுகப் பிடித்துக்கொள்ள, மற்றவர் திறக்க வேண்டும். நட் இளகியதும் தண்டின் முனையிலும் குடத்திலும் சேர்த்து ஒரே கோடாகச் சென்டர் பஞ்ச் (கூர்முனை உளி) வைத்து லேசாகக் குறியிடுங்கள். பெயிண்ட் குறி எண்ணெயில் அழிந்துவிடும்.

கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு லாரிப் பட்டறையில் பார்த்தது. இளைஞர் ஒருவர் நட்டை முழுதாகக் கழற்றி வைத்துவிட்டு, வீலை மார்போடு அணைத்து இழுத்துக்கொண்டிருந்தார். மூத்த மெக்கானிக் எட்டிப் பார்த்தார். "தம்பி, நட் எங்கே?" "கீழே வைத்திருக்கிறேன் அண்ணா." "எடுத்துத் திரும்பப் போடு. மூன்று மரை பிடித்தால் போதும். திடீரென்று வந்தால் பல்லைப் பேர்த்துவிடும்." அவர் சொன்னபடி நட்டை மூன்று மரை பிடிக்கும்படி திரும்பப் போட்டதும், வீலின் இடமும் வலமும் மாறி மாறி இழுத்ததில் 'டக்' என்று குடம் நட்டில் வந்து முட்டியது. எல்லா வீலுக்கும் முதலில் செய்ய வேண்டியது இதுவே. நட் மரையையும் காப்பாற்றும், உங்கள் மூக்கையும் காப்பாற்றும்.

அதற்கும் வரவில்லை என்றால் துரு இளக்கும் எண்ணெயைத் தண்டைச் சுற்றி விட்டு இரவு முழுவதும் விடுங்கள். கீழே இண்டிகேட்டர் சுவிட்சுக்குள் இறங்காதபடி துணி சுற்றி வையுங்கள். மறுநாள் புல்லர் (கால்களால் பிடித்து, நடு போல்ட்டை இறுக்கி வீலை இழுக்கும் கருவி). இங்கே ஒரு சிக்கல்: சங்ககிரி, சேலம் லாரிப் பட்டறைகளில் கிடைக்கும் புல்லர்களின் கால் தடிமன், அம்பாசிடர் குடத்தின் பின்னால் நுழையாது. நுழையாத காலை ஆரத்தில் (குடத்தையும் வளையத்தையும் இணைக்கும் கம்பி) மாட்டி இழுத்தால் ஆரம் வளையும், வளையத்தின் பூச்சு வெடிக்கும். ஆரத்திலும் வளையத்திலும் புல்லர் மாட்டவே கூடாது. லேத் பட்டறையில் சொல்லி, தடித்த இரும்புத் தகட்டில் தண்டு நுழையும் அளவுக்கு ஒரு வாய் வெட்டி, குடத்தின் பின்னால் செருகிக்கொள்ளுங்கள். புல்லர் அந்தத் தகட்டைப் பிடிக்கட்டும். குடத்தில் இரண்டு மரைத்துளைகள் இருந்தால் இன்னும் நல்லது. அவற்றில் போல்ட் போட்டே இழுக்கலாம்.

புல்லரின் நடு போல்ட்டுக்கும் தண்டின் முனைக்கும் நடுவில் ஒரு பித்தளைத் துண்டு வையுங்கள். இறுக்குங்கள், நிறுத்துங்கள், சில நிமிடம் விடுங்கள், மறுபடி கால் சுற்று. நன்றாக விறைத்த பிறகு புல்லர் போல்ட்டின் தலையில் ஒரே ஒரு சிறு தட்டு தட்டலாம். தண்டின் முனையில் நேராகச் சுத்தியல் விழவே கூடாது. முனை காளான் போல் விரிந்தால் நட் ஏறாது. அடி கீழே பேரிங்குக்கும் ராக்குக்கும் போகும். வெல்டிங் கியாஸ் நெருப்பு காட்டும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். குடத்தைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக், உள்ளே இருக்கும் கம்பி, சுவிட்ச் மூன்றும் போய்விடும்.

வளையத்தில் வெடிப்பு

சேலத்து வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டியில் வீலின் கடினப் பிளாஸ்டிக் சுருங்கி, உள்ளிருக்கும் இரும்பு சுருங்காமல், ஆரம் சேரும் இடங்களில் வெடிப்பு விடும். முதலில் இரும்பைச் சோதியுங்கள். வளையத்தைப் பிடித்து முறுக்கும்போது வெடிப்பு வாய் திறந்து மூடினாலோ, ஆரமும் குடமும் சேரும் பற்றவைப்பில் கோடு தெரிந்தாலோ அந்த வீலை ஓட்டக் கூடாது, ஒட்டவும் கூடாது. வேறு வீல் தேடுங்கள்.

இரும்பு உறுதி என்றால், வெடிப்பை முக்கோண அரத்தால் வாய் அகன்ற பள்ளமாக இரும்பு தெரியும் வரை அறுங்கள். கீறலுக்கு மேல் பசை பூசி மறைத்தால் அடுத்த கோடையில் அதே இடம் திறக்கும். துருவைச் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, இரண்டு பாகம் கலக்கும் எபாக்சியைப் பள்ளத்துக்கு மேல் சற்று மேடாக நிரப்புங்கள். ஒரு நாள் முழுவதும் இறுகட்டும். பிறகு 120ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 240, 400 என்று போய், 800இல் தண்ணீர் விட்டுத் தேய்க்கலாம். விரல் நுனியால் கண்ணை மூடித் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும். பிரைமர், அதன்பின் ஹார்ட்னர் கலந்த கார் பெயிண்ட். சாதாரண எனாமல் பூசினால் உள்ளங்கை வியர்வையில் பிசுபிசுத்துவிடும்.

திரும்ப மாட்டும்போது

இண்டிகேட்டர் நடுவில், சக்கரங்கள் நேராக, சென்டர் பஞ்ச் குறிகள் ஒன்றோடொன்று சேர்ந்து. பல்வரிசையில் கிரீஸை மிக மெல்லிய படலமாக மட்டும் தடவுங்கள். தண்டு கூம்பாக இருக்கும் வகை என்றால் அந்தக் கூம்பு உலர்ந்திருக்க வேண்டும். பூட்டுத் தகடு ஒருமுறை மடித்து நிமிர்த்தியது என்றால் புதியது போடுங்கள். நட்டை வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கிய பிறகே மூடி.

மூடியைப் போட்டதும் ஸ்டியரிங்கை ஒரு முட்டிலிருந்து மறுமுட்டு வரை மெதுவாகச் சுற்றியபடி ஹாரனைப் பல கோணங்களில் அழுத்திப் பாருங்கள். இண்டிகேட்டர் இரு பக்கமும் ஒரே அளவில் திரும்புகிறதா என்று பாருங்கள். பிறகு கன்னங்குறிச்சிப் பக்கம் ஆள் நடமாட்டம் குறைந்த சமதளச் சாலையில் மெதுவாக ஓட்டி, திரும்பி வந்து மூடியை எடுத்து நட்டை இன்னொரு முறை இறுக்கிப் பார்த்து, பூட்டுத் தகட்டை மடியுங்கள். அதற்குப் பிறகு வண்டி ஏற்காடு ஏறலாம்.